வால் எலும்புக்கு ஓர் இடைவெளி

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பலரும் முதுகு வலி என்றுதான் சொல்கிறார்கள். வலி இருப்பதோ அதற்கும் கீழே, இரு புட்டங்களுக்கு நடுவே, முதுகுத்தண்டு முடிகிற நுனியில். அந்த இடத்தைச் சுட்டிக் காட்டக் கூச்சம். பெண்களுக்குக் கூச்சம் இன்னும் அதிகம். ஆனால் ஆண்களைவிட அவர்களுக்குத்தான் இந்த வலி சுமார் 5 மடங்கு கூடுதலாக வருகிறது என்கின்றன மருத்துவ நூல்கள். ஆகவே பெயரைச் சொல்லியே தொடங்குவோம்: வால் எலும்பு வலி.

கூடுவாஞ்சேரியில் இதைப் பேசக் காரணம் உண்டு. வல்லாஞ்சேரி எஸ்டான்சியா வளாகத்துக்கும், பரனூர் மகிந்திரா சிட்டிக்கும், தாம்பரம் மெப்ஸுக்கும் நாள்தோறும் கணினி வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர் இது. போகாத நாட்களில் சாப்பாட்டு மேசையிலோ கட்டிலிலோ லேப்டாப்பை விரித்து அதே வேலையைச் செய்கிறார்கள். எட்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டிய பிழைப்பில், உட்கார்ந்தால் வலிக்கும் நோய் வந்தால் என்ன செய்வது?

வால் எலும்பு என்பது 3 முதல் 5 சிறு எலும்புகள் சேர்ந்த ஒரு முனை. எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் இந்த வலிக்கு மருத்துவப் பெயர் சூட்டியது 1859-இல். கணினியோடு வந்த நோய் அல்ல இது. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தவாறே விழுவது, பிரசவம், மாதக்கணக்கில் கூன் போட்டு உட்காருவது ஆகியவை வழக்கமான காரணங்கள். சிலருக்குக் காரணமே தெரிவதில்லை.

உட்காரும்போது நம் எடை ஒரு முக்காலியைப் போல மூன்று புள்ளிகளில் இறங்குகிறது. உள்ளங்கைகளைப் புட்டத்தின் அடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து பாருங்கள். கையில் உறுத்தும் இரண்டு கெட்டியான எலும்பு முனைகள்தான் உடலின் எடையைத் தாங்குவதற்காக அமைந்தவை. மூன்றாவது புள்ளி வால் எலும்பு. நிமிர்ந்து, சற்றே முன்சாய்ந்து உட்கார்ந்தால் அதன் மேல் அநேகமாகச் சுமை இல்லை. இடுப்பை முன்னே சரியவிட்டு முதுகை மட்டும் பின்னால் சாய்க்கும்போது இடுப்பெலும்பு பின்பக்கம் உருண்டு, எடை வால் எலும்பில் ஏறுகிறது. மாலை நாலு மணிக்கு மேல் அலுவலகத்தில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பது அப்படித்தான்.

வலி வந்ததும் எல்லோரும் தேடுவது மெத்தென்ற இருக்கை. அங்கேதான் வழி தவறுகிறது. இலவம்பஞ்சுத் தலையணையும் மலிவான ஸ்பாஞ்சும் எடை ஏறியதும் அமுங்கிவிடும்; உடல் உள்ளே புதையும்போது நடுவில் இருக்கும் வால் எலும்பையும் பஞ்சு சூழ்ந்து அழுத்தும். மருந்துக் கடையில் கிடைக்கும் காற்றடைத்த வட்டக் குஷன் மூலநோய்க்காரர்களுக்கு உதவலாம். வால் எலும்போ பல நேரம் அதன் பின்விளிம்பின் மேலேயே போய் உட்காருகிறது. நமக்குத் தேவை மென்மை அல்ல, அந்த எலும்பு எதிலும் படாத ஓர் இடைவெளி.

காசு செலவழிக்கும் முன் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு குளியல் துண்டுகளைக் கெட்டியாகச் சுருட்டி, நாற்காலியில் முன்பின்னாக, தொடைக்கு ஒன்றாக வையுங்கள். நடுவில் நாலு விரல் இடம் விட்டு, எடை அந்த இரண்டின் மேலும் இறங்குமாறு உட்காருங்கள். கால் மணி நேரத்தில் வலி குறைகிறது என்றால், பின்பக்கம் 'ப' போல வெட்டு உள்ள குஷன் உங்களுக்கு உதவும். ஆன்லைனில் வாங்கலாம். மெத்தைக் கடையில் அடர்த்தியான ஃபோமில் வெட்டித் தரவும் கேட்கலாம்: சுமார் 45 சென்டிமீட்டர் அகலம், 7 அல்லது 8 சென்டிமீட்டர் கனம், பின்விளிம்பின் நடுவில் 10 சென்டிமீட்டர் அகல வெட்டு. முஷ்டியால் அழுத்தினால் தரை தட்டக் கூடாது. பின்பக்கம் சற்று உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்திருந்தால் இன்னும் நல்லது. இடுப்பு தானாகவே முன்னே சாயும். ஒயர் தொய்ந்த நாற்காலியிலும், பின்பக்கம் பள்ளமாக இறங்கும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் எந்தக் குஷனும் எடுபடாது. தட்டையான மர நாற்காலியே மேல்.

குஷன் போட்டதும் வேறொரு சிக்கல் முளைக்கும். உடல் மூன்று விரற்கடை உயர்வதால் பாதம் தரையில் முழுதாகப் பதியாது. பாதம் தொங்கினால் இடுப்பு முன்னே வழுகும். பழைய கதை தொடங்கிவிடும். காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள். லேப்டாப்பும் இப்போது இன்னும் தாழ்வாகத் தெரியும். தலை குனிய, முதுகு கூன, இடுப்பு பின்னே உருள, வலி வால் எலும்பில் வந்து நிற்கும். திரையைப் புத்தக அடுக்கின் மேல் கண் மட்டத்துக்கு ஏற்றிவிட்டுத் தனிக் கீபோர்டு ஒன்று வாங்குவது, இருபதாயிரம் ரூபாய் நாற்காலியைவிட முக்கியம் என்பது என் கருத்து. கட்டிலில் சாய்ந்து வேலை செய்வதை, வலி இருக்கும் வரை, அடியோடு விட்டுவிடுங்கள். தரையில் சம்மணமிட்டுக் கூன் போடுவதும் அப்படியே.

நார்வேயில் 1979-இல் வந்த முழங்காலிடும் நாற்காலியும் உண்டு; அதில் எடை புட்டத்துக்கும் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பகுதிக்கும் பிரிகிறது. சிலருக்கு நிம்மதி, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

எந்த இருக்கையானாலும் அரை மணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள். எழும்போதுதான் பலருக்குச் சுரீரென்று வலிக்கும். நுனிக்கு நகர்ந்து, உடலை முன்னே சாய்த்து, தொடையில் கையை ஊன்றி எழுந்தால் அது குறையும். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், முக்குவது அங்கே ஒட்டியுள்ள தசைகளை இழுக்கும். வேகத்தடை நிறைந்த உள்தெருக்களில் பைக் பயணத்தைவிட, செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரயிலில் நின்றபடி போவது நல்லது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம், ஊழியர்களுக்குப் பொருத்தமான இருக்கை தரச் சொல்கிறது. நாள் முழுக்க நின்று கால் வீங்கிய கடை ஊழியர்களை நினைத்து வந்த திருத்தம் அது. நாள் முழுக்க உட்காருகிறவருக்கு எழுந்து நிற்கும் உரிமை அதே அளவு தேவை. மேலாளரிடம் கூசாமல் கேளுங்கள்.

சில வாரங்களில் குறையவில்லை என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நின்று ஒன்றும் உட்கார்ந்து ஒன்றுமாக எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். உட்காரும்போது மட்டும் எலும்பு இடம் நகர்வது அதில்தான் தெரியும். வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ தொடையிடுக்கு மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி பெரும்பாலோருக்கு மாத்திரை, பிசியோதெரபி, குஷன் இவற்றோடு வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடுகிறது. தணியாதவர்களுக்கு அந்த இடத்தில் ஊசி போடுவார்கள். எலும்பை அகற்றும் அறுவை சிகிச்சை, மற்ற எல்லாம் முயன்றும் வலி விடாத சிலருக்கு மட்டும்.