வேரின் அழைப்பு

அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்து ஆரஞ்சுத் தோட்டங்களில், நீரும் உரமும் குறைவின்றிப் பெற்ற மரமொன்று, காரணம் புலப்படாமலே இலை வெளிறிக் கிளை காய்ந்து பட்டுப்போகுமானால், அதை வேரோடு பெயர்த்துப் பார்க்கும்போதுதான் ஆணிவேரின் பட்டை முழுவதும் அரிக்கப்பட்டிருக்கும் பரிதாபம் வெளிப்படும். இந்நாசத்தை விளைவிப்பது, கரீபியத் தீவுகளிலிருந்து வந்து, 1964-ஆம் ஆண்டு அபாப்கா என்னும் ஊரில் கண்டறியப்பட்ட டயாப்ரீப்பஸ் என்ற கூன்வண்டு. தாய்வண்டு இலைகளைப் பசையால் ஒட்டி, அவற்றிடையே முட்டைகளை மறைத்து வைக்கிறது. தன் ஆயுளில் 5,000 முட்டை வரை இடவல்லது. பொரித்த புழு மண்ணில் விழுந்து, வேரை நாடிச் சென்று, பல மாதகாலம் அங்கேயே தின்று வளர்கிறது. அது செய்த காயங்களின் வழியே பைட்டாப்தோரா என்னும் அழுகல்நோயும் புகுந்துவிடுகிறது. இலைமேல் தெளிக்கும் மருந்து வண்டைக் கொல்லுமேயன்றிப் பூமிக்குள் இருக்கும் புழுவைத் தீண்டுவதில்லை.

அப்புழுவைத் தேடிச் செல்ல வல்லது நூற்புழு. இச்சொல்லைக் கேட்டு நம் உழவர் அஞ்சுவது நியாயமே. வேரில் முடிச்சிட்டுப் பயிரை வாட்டும் நூற்புழுவையே அவர்கள் அறிவார்கள். ஆயினும் அக்குலத்திலேயே, பயிரைத் தொடாமல் பூச்சியை மாத்திரம் நாடும் வர்க்கமும் உண்டு. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தச் சூட்சும ஜந்து, மண்துகள்களிடையே படிந்த ஈரத்தில் ஊர்ந்து சென்று, வண்டுப்புழுவின் வாய், மூச்சுத்துளை முதலிய வழிகளில் உட்புகுந்து, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை அதன் உடலில் விடுகிறது. ஓரிரு தினங்களில் புழு மாண்டுபோக, அச்சடலத்தையே ஆகாரமாகக் கொண்டு நூற்புழுக்கள் பல்கிப் பெருகி, உண்பதற்கு ஒன்றுமில்லாதபோது அடுத்த புழுவைத் தேடி வெளியேறுகின்றன.

ப்ளோரிடாவில் இதற்கென விடப்பட்டவற்றுள் ஒன்று, டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் கிடைத்த ஸ்டைனர்னெமா ரியோப்ரேவ். மற்றொன்று ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா. நம் கோயமுத்தூரில் கிடைத்ததைக் கொண்டு 1992-இல் புதிய இனமென வர்ணிக்கப்பட்டு, இத்தேசத்தின் பெயரையே தாங்கியிருப்பது. கொங்குநாட்டு மண்ணில் இனங்காணப்பட்ட ஓர் உயிர், அத்தனை தொலைவிலே ஆரஞ்சு மரத்தைக் காக்கும் பணியில் அமர்த்தப்பட்டதை எண்ணும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை.

இவை உயிருள்ளவை என்பதை மறந்து, மருந்துத்தூளைப்போல் உச்சிவெயிலில் இறைத்தால் பயன் இல்லை; வெயிலும் வறட்சியும் இவற்றுக்கு யமன். அந்திப்பொழுதில், முன்னரே நனைத்த நிலத்தில், நீரோடு கலந்து மரத்தடியில் விட்டு, பின்னும் சிறிது நீர் பாய்ச்ச வேண்டும். இறுகிய களிமண்ணைக் காட்டிலும் பொலபொலவென்ற மணலில் இவை எளிதாக நடமாடும்.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது மரத்தின் பங்கு. புழு கடித்த வேர், ப்ரீஜெய்ஜெரீன் என்னும் மணப்பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அம்மணத்தை நோக்கி நூற்புழுக்கள் திரண்டு வருவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆனால், காயம்பட்ட வேரின் மணத்தைக் கேட்டு வருவது துணைவன் மாத்திரம் அன்று. வேரையே உண்டு வாழும் பகைவனான நூற்புழுவும் அதே மணத்தால் ஈர்க்கப்படுகிறது.