கண்டித் தெருப்பூனைகளும் வந்துபோகும் குடும்பங்களும்

ஹந்தானை, அனிவத்தை, பேராதனைப் பக்கங்களில் வாடகைக்கு வந்து இருக்கும் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு முதல் விருந்தாளி பெரும்பாலும் ஒரு பூனைதான். யாரும் அழைப்பதில்லை. குசினியில் மீன் பொரித்தால் போதும், பின்கதவுப் படியில் வந்து குந்திவிடும்.

"இது யாருடைய பூனை?" என்று அவர்கள் கேட்பார்கள். எமது ஊர்களில் இதற்கு நேரான பதில் கிடையாது. மூன்று வீட்டில் சாப்பிட்டு நாலாவது வீட்டுக் கூரையில் தூங்கும் சீவன் அது. "பூஸா" என்று சிங்களத்தில் கூப்பிட்டாலும் திரும்பும், "பூனை" என்றாலும் திரும்பும்.

இந்தத் தெருப்பூனையில் மயங்கியவர்களும் உண்டு. 1984இல் இலங்கைக்கு வந்த இத்தாலிய மிருக வைத்தியர் பவுலோ பெல்லகாட்டா, சில பூனைகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோய் "சிலோன் பூனை" என்றே ஓர் இனமாக வளர்த்தெடுத்தார். மணல் நிற உடம்பும் காலில் கோடுமாக, நாங்கள் தும்புத்தடியால் கலைக்கும் அதே பூனைதான்!

சிக்கல் சோறு வைத்த பிறகுதான் தொடங்குகிறது. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது கிழமை. நாலைந்து மாதக் குட்டியே சினைப்பட்டுவிடும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஈனும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த குடும்பம் திரும்பும்போது, ஒன்று பலவாகிப் பெருகியிருக்கும். அவற்றின் பசி யார் தலையில்? வீட்டு வேலைக்கு வந்த அக்காவின் தலையில்தான். அவளும் தாங்க முடியாமல் குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையடியில் விட்டால் அவளைத்தான் ஏசுவோம்.

சிலர் பூனையைக் கூடவே கொண்டுபோக நினைக்கிறார்கள். அது லேசல்ல. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கென்றால் தோலின் கீழ் அடையாளச் சில்லு, விசர்நோய்த் தடுப்பூசி, அதன்பின் 30 நாளாவது கழித்து இரத்தப் பரிசோதனை, அதிலிருந்து மேலும் மூன்று மாதக் காத்திருப்பு. இதை வாசிக்கையில் எம்மில் பலருக்கு நெஞ்சு கனக்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கு ஒரு மணித்தியால அவகாசமும் இருக்கவில்லை. "பூனைக்கு யார் சோறு வைப்பது?" என்று கேட்ட பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்த தாய்மார் எத்தனை பேர்.

பூனை பிறாண்டினாலும் கடித்தாலும் அலட்சியம் வேண்டாம். விசர்நோய் பூனையாலும் வரும். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசிக்கு அங்கு பணம் கேட்கமாட்டார்கள். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அள்ளாமல் வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது.

அவகாசம் உள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலையிலோ அருகிலுள்ள மிருக வைத்தியரிடமோ பூனைக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாம். விமானம் ஏறுமுன் அதைச் செய்வித்து, அடுத்த தடுப்பூசித் திகதி எழுதிய அட்டையையும் அந்தச் செலவுக்கான காசையும் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போகும் குடும்பங்களும் இருக்கின்றன.