அமரவிளைச் சாவடியும் வரி அதிகாரமும்

களியக்காவிளையைக் கடந்து, பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சரக்கு லாரிகள் முன்பெல்லாம் அமரவிளையில் நின்றாக வேண்டும். அங்கிருந்த கேரள வணிகவரிச் சோதனைச் சாவடியில் ஆவணங்களைக் காட்டிய பின்னரே பயணம் தொடரும். பொருள்களின் விற்பனை மீது வரி விதிப்பது மாநிலத்தின் அதிகாரம். அதன் கண்கூடான அடையாளமாக அச்சாவடி விளங்கியது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, அந்த வணிகவரிச் சோதனை முடிவுக்கு வந்தது. அவ்வாறாயின், அந்த அதிகாரம் எங்கே சென்றது?

முன்னர், உற்பத்தியின் மீது மத்திய அரசும் விற்பனையின் மீது மாநில அரசும் தனித்தனியே வரி விதித்தன. 2016ஆம் ஆண்டின் 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஒரே விற்பனையின் மீது இரண்டு அரசுகளும் வரி விதிக்க வழிசெய்தது. வரி விகிதங்களைப் பரிந்துரைக்க ஜி.எஸ்.டி. மன்றம் அமைந்தது.

இம்மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு தேவை. எனவே மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுபட்டாலும், மத்திய அரசின் இசைவின்றி எதையும் நிறைவேற்ற இயலாது. மத்திய அரசுக்கோ, வாக்களிக்கும் மாநிலங்களில் எட்டில் ஐந்து பங்கின் துணை போதும். 2019 டிசம்பரில் மன்றத்தின் முதல் வாக்கெடுப்பு நடந்தது. லாட்டரிச் சீட்டுகளுக்கு ஒரே சீராக 28 விழுக்காடு வரி என்னும் முடிவு, கேரளம் எதிர்த்தும் 21–7 என்ற கணக்கில் நிறைவேறியது. அதேவேளை, மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தா என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மாநிலங்களுக்கு ஆதாயமும் உண்டு. களியக்காவிளை வணிகர் நெய்யாற்றின்கரைக் கடைக்குப் பொருள் விற்றால், ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. வசூலிக்கப்படும், அப்பொருள் கேரளத்தில் நுகரப்பட்டால், வரியின் மாநிலப் பங்கு கேரளத்தையே சேரும். உற்பத்தி மிகுந்த தமிழகம் போன்ற மாநிலங்கள் இதனால் இழப்பு நேரும் என அஞ்சின. அதற்காகவே, ஆண்டுக்கு 14 விழுக்காடு வருவாய் வளர்ச்சியை உறுதிசெய்யும் இழப்பீடு ஐந்தாண்டுகளுக்கு வழங்கப்பட்டு, 2022 ஜூனில் முடிவுற்றது.

மதுபானமும் பெட்ரோல், டீசல் போன்ற எரிபொருள்களும் இன்னும் ஜி.எஸ்.டி. வளையத்துக்குள் வரவில்லை. மாநிலங்கள் தாமே வரி விகிதத்தை முடிவு செய்யும் முக்கிய இனங்கள் இவை. எல்லையின் இருபுறமும் பெட்ரோல் விலை வேறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

அடுத்த முறை உள்ளூர்க் கடையில் ரசீது பெறும்போது சற்றுக் கவனியுங்கள். 18 விழுக்காடு வரி, 9 விழுக்காடு மத்திய அரசுக்கும் 9 விழுக்காடு மாநில அரசுக்குமாக இரண்டு வரிகளில் அச்சாகியிருக்கும். பங்கு சமம், ஆனால் அதை முடிவு செய்யும் மன்றத்தின் துலாக்கோல் சற்றே ஒருபுறம் சாய்ந்துள்ளது.