கொள்கையா? கோட்டையா?

"கொள்கையாவது, கத்தரிக்காயாவது! ஜெயிச்சாத்தான் சார் கட்சி!"

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் எலெக்‌ஷன் சமயத்தில் தவறாமல் கேட்கிற டயலாக் இது. "கொள்கையை வித்து ஜெயிக்கிறதுக்கு வேற பொழப்பு பார்க்கலாமே!" என்று எதிர் பெஞ்சிலிருந்து உடனே பதில் வரும். காபி ஆறிப்போகுமே தவிர, கேஸ் முடியாது.

என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதிதான் நியாயம். சாட்சிக்கு நம்ம ஊர் சரித்திரமே இருக்கிறது.

1949ல் தி.மு.க. பிறந்தபோது அதன் உயிர்க் கொள்கை திராவிட நாடு. 'அது நடக்கிற காரியமில்லை' என்ற ஈ.வெ.கி. சம்பத் 1961ல் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். 1962 தேர்தலில் தி.மு.க.வுக்கு 50 இடம். அதே வருஷம் சீன யுத்தம். 1963ல் அரசியல் சட்டத்துக்கு 16வது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்கிறவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தாக வேண்டும். அதாவது பிரிவினையா, தேர்தலா... ஒன்றைத் தொடு!

அண்ணா தேர்தலைத் தொட்டார். ஆனால் திருட்டுத்தனமாக இல்லை. கோரிக்கையைக் கைவிட்டதை ஊரறியச் சொன்னார். பிரிவினை கேட்டதற்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொன்னார்.

1967 கூட்டணியோ பாயசத்தையும் ரசத்தையும் ஒரே இலையில் ஊற்றின மாதிரி! தனியார் தொழிலுக்கு வக்காலத்து வாங்கிய சுதந்திரா ஒரு பக்கம், மார்க்சிஸ்ட் மறுபக்கம். 1938ல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜியே அணியில்! அதற்குள் அவரும் ஹிந்தித் திணிப்பை எதிர்க்க ஆரம்பித்திருந்தார் என்பது வேறு விஷயம்.

சரி, கோட்டைக்குப் போய் என்ன செய்தார்கள்? சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம். 1968ல் இருமொழிக் கொள்கை. 1969ல் 'தமிழ்நாடு' என்ற பெயர். தனி நாடு போச்சு. அதை எதற்காகக் கேட்டார்களோ, அதில் கொஞ்சமாவது கைக்கு வந்தது.

விட்டுக்கொடுக்காத கதையும் உண்டு. 1996ல் ஜோதிபாசுவைத் தேடிப் பிரதமர் நாற்காலியே வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு 'வேண்டாம்' என்றது. அது சரித்திரத் தவறு என்று பிற்பாடு பாசுவே சொன்னார். நாற்காலியே வேண்டாமென்றால் கொள்கை பத்திரமாக இருக்கும்தான். பீரோவில் வைத்த பட்டுப்புடவை மாதிரி!

அதனால், கொள்கையை மாற்றும் கட்சியிடம் நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். ஓட்டு வாங்குவதற்கு முன்னால் சொன்னாயா, வாங்கின பிறகா? எதை விட்டாயோ, அதன் நோக்கத்தில் எதையாவது காப்பாற்றினாயா? முன்னால் சொல்கிறவரை நாம் வேண்டாமென்று தள்ளவாவது முடியும். ரிசல்ட் வந்தபிறகு மாறுகிறவர் நம் ஓட்டை அல்லவா மாற்றி எழுதுகிறார்?

கல்யாணத்துக்காக மாப்பிள்ளை மீசையை எடுக்கலாம், தப்பில்லை. தலையையே எடுத்துவிட்டால், மாலையை எங்கே சார் போடுவது?