24 விநாடியும் ஆயத்தப் போட்டியும்

சிகிஞ்சான் பக்கம் சீனப் பள்ளிகளைத் தாண்டிப் போகும்போது கூடைப்பந்து கோர்ட் கண்ணில் படும். தோட்டத்துப் பிள்ளைகள் காற்பந்தோடு வளர்ந்தவர்கள். அதனாலோ என்னவோ, பெரிய அரங்குகளில் கூடைப் பலகைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னக் கடிகாரத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. ஆட்டத்தை ஆட்டிவைப்பதே அதுதான்.

பந்து கைக்கு வந்ததும் அது 24இலிருந்து கீழே எண்ணத் தொடங்கும். அது முடிந்து ஒலி எழுமுன் பந்து எறிபவரின் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். போய் வளையத்திலும் பட வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எறிந்த அணியே பிடித்தால், மறுபடி 24 கிடையாது, 14தான். கடைசி 5 விநாடிகளில் பத்தில் ஒரு பங்கு விநாடிகூடக் கடிகாரத்தில் ஓடும். மேசையருகே உட்கார்ந்து அதை இயக்குபவர் கொஞ்சம் அசந்தால் போதும், இரண்டு பயிற்சியாளர்களும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

இது பிறந்ததற்குக் காரணம் சலிப்பு. 1950இல் அமெரிக்காவில் ஃபோர்ட் வெய்ன் அணி, எதிரணியின் உயரமான ஜார்ஜ் மைக்கனிடம் பந்து போகாதிருக்க, அதைத் தன் கையிலேயே வைத்து நேரம் கடத்தியது. முடிவு 19-18. பார்க்கக் காசு கொடுத்தவர்கள் நொந்து போனார்கள். 1954இல் சிரகியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு கணக்குப் போட்டார்: 48 நிமிட ஆட்டம் 2,880 விநாடி, விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து எறிவது சுமார் 120 முறை, வகுத்தால் 24. அனைத்துலகச் சம்மேளனமோ 1956இல் 30 விநாடி என்று வைத்து, 2000இல்தான் 24க்கு இறங்கியது. 1989 கோலாலம்பூர் சீ விளையாட்டில் மலேசியா பிலிப்பீன்ஸை வென்று தங்கம் வாங்கியது அந்த 30 விநாடிக் காலத்தில்.

இந்த 24இல் முதல் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். மிச்சம் 16. அதற்குள் ஒருவர் மறித்து நிற்க, இன்னொருவர் அவரை உரசிக்கொண்டு ஓடிவந்து பந்தை வாங்கி எறிய வேண்டும். ஆனால் தேசிய அணியில் இருப்பவர்கள் ஆண்டு முழுக்க வெவ்வேறு கிளப்புகளில் ஆடுகிறவர்கள். சேர்ந்து பயிற்சி எடுக்கச் சில வாரங்கள்தான். தங்களுக்குள்ளேயே ஆடிப் பார்க்கலாம்தான், ஆனால் யார் எந்தப் பக்கம் ஓடுவார் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அறியாத எதிரணி தேவை. ஆயத்தப் போட்டிகள் அதற்குத்தான்.

ஆசியாவில் இதற்குப் பேர்போனது தைப்பேயின் வில்லியம் ஜோன்ஸ் கோப்பை. சம்மேளனத்தை 1932இல் தொடங்கியவர்களில் ஒருவரின் பெயரில் 1977இலிருந்து நடக்கிறது. வென்றால் உலகக் கோப்பைக்கோ ஒலிம்பிக்குக்கோ தகுதி கிடைக்காது. சில நாடுகள் தேசிய அணிக்குப் பதில் கிளப் அணியையே அனுப்புகின்றன. பிலிப்பீன்ஸின் மைட்டி ஸ்போர்ட்ஸ் 2019இல் ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றது. எனக்கு அது அவ்வளவாக உவப்பில்லை. நாடுகள் தங்களைச் சோதித்துக்கொள்ளும் இடத்தில் கூலிக்கு ஆள் பிடித்து வென்று என்ன பயன்?

முடிவை வைத்து ஆரூடம் சொல்வதும் ஆகாது. 2012இல் கோப்பையை வென்ற பிலிப்பீன்ஸ், மறு ஆண்டு ஆசிய வெள்ளி வாங்கி 2014 உலகக் கோப்பைக்குப் போனது. 2017 ஜூலையில் அதே தைப்பேயில் ஆடிப் பழகிய இந்தியா, ஆகஸ்டில் பெய்ரூத் ஆசியக் கோப்பையில் ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. இம்மாதிரிப் போட்டியில், தோற்கிற நிலையிலும் பயிற்சியாளர் முதல் ஐவரை உட்காரவைத்துவிட்டுப் புதியவரை இறக்குவார். சீட்டு வாங்கி வந்தவருக்குக் கோபம் வரும். பயிற்சியாளரின் கண்ணோ மேலே ஓடும் எண்ணில் இருக்கும்: 6, 5 என்று இறங்கும்போது அந்தப் புதுப் பையன் பதறிப்போய் எறிகிறானா, ஆள் பார்த்துக் கொடுக்கிறானா என்று.