திரையில் சுழலும் விசிறி



மயிலையில் பங்குனிப் பெருவிழாவின்போது தெற்கு மாட வீதியில் நின்று தேரை எதிர்நோக்கியிருப்போர் பலர். தேர் இன்னும் கிழக்கு வீதியிலேயே இருக்கிறது, கண்ணுக்குப் புலப்படவில்லை. வடம் பிடிப்போரின் ஆரவாரம் மட்டும் காதில் விழுகிறது. உடனே ஒருவர், "தேர் புறப்பட்டுவிட்டது" என்கிறார். உண்மையில் அது புறப்பட்டிருக்கலாம். முட்டுக்கட்டையில் இடித்து நின்றுமிருக்கலாம். ஆரவாரம் இழுக்கும் முயற்சியை அறிவிக்குமேயன்றி, சக்கரம் உருண்டதை அறிவிக்காது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் இன்றைய பொருள் எளிதில் விளங்கும்.

நம் நகரில் மெட்ரோ இரயில் 2015-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. அண்ணா சாலையின் அடியே அமைந்த சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை நிலையங்கள் 2018-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் திறக்கப்பெற்றன. வண்டிகளின் போக்கைக் கோயம்பேட்டிலுள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து கண்காணிக்கின்றனர். இத்தகைய மையத்தில் அமர்ந்திருப்பவர் நந்தனத்து வண்டியை நேரில் காண்பதில்லை. சுரங்கப் பாதைக்குக் காற்றூட்டும் பெரிய விசிறிகளையும் காண்பதில்லை. அவர் காண்பவை கணிப்பொறித் திரையிலுள்ள படங்களே. அப்படங்கள் நகர்வதும் சுழல்வதும் எவ்வாறு?

முதலில் நகர்வதைப் பார்ப்போம். இரு நிலையங்களுக்கிடையே 900 மீட்டர் தொலைவு என்றும், திரையில் அது 300 புள்ளிகள் நீளமுள்ள கோடு என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 3 மீட்டருக்கு ஒரு புள்ளி. வண்டி 600 மீட்டர் சென்றதாகச் செய்தி வந்தால், படம் 200-ஆம் புள்ளியில் வரையப்படும். அடுத்த செய்தி வந்ததும் பழைய படம் அழிந்து, புதிய இடத்தில் தோன்றும். தொட்டியில் நீர்மட்டம் ஏறுவதாகக் காட்டுவதும் இம்முறையிலேயாம். நீங்கள் வகுப்பில் பயின்ற விகித சமக் கணக்கே இது.

சுழற்சி சற்று நுட்பமானது. நான்கு இறக்கைகள் கொண்ட விசிறி ஒன்று நிமிடத்திற்கு 360 சுற்றுகள் சுற்றுகிறது என்க. வினாடிக்கு 6 சுற்று; அதாவது 24 கால் சுற்றுகள். வினாடிக்கு 24 படங்கள் எடுக்கும் சினிமாக் கருவியால் அதனைப் படம்பிடித்தால், ஒவ்வொரு படத்திலும் ஓர் இறக்கை இருந்த இடத்தில் மற்றோர் இறக்கை வந்து நிற்கும். விசிறி அசையாது நிற்பதாகவே தோன்றும்! வேகம் சிறிது குறைந்தால் பின்னோக்கிச் சுழல்வதாகவும் தோன்றும். திரைப்படங்களில் வண்டிச் சக்கரம் பின்னோக்கி ஓடக் கண்டு நீங்கள் வியந்ததுண்டு அன்றோ?

ஆகவே, கட்டுப்பாட்டுத் திரையில் உண்மை வேகத்தைப் படத்தால் காட்ட முயல்வதில்லை. வேகத்தை எண்ணால் எழுதிவிட்டு, படத்தை மெதுவாகச் சுழற்றுவர். அதற்கு எத்தனை படங்கள் வேண்டும்? நான்கு இறக்கை விசிறிக்கு 45 பாகை இடைவெளியில் இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் அசைவு தெரியும். வலமா இடமா என்பது தெரியாது. 0, 30, 60 பாகைகளில் மூன்று படங்களை வரிசையாகக் காட்டினால் திசை தெளிவாகும். வரிசையைத் தலைகீழாக்கினால் திசையும் மாறும்.

திசை தெரிந்தாக வேண்டுமோ என்று கேட்பீர்கள். சுரங்கத்தில் தீப்பற்றினால், புகையை ஒரு பக்கம் இழுத்து, பயணிகள் வெளியேறும் பக்கம் தூய காற்றைச் செலுத்த வேண்டும். அதனாலேயே இவ்விசிறிகளை இரு திசைகளிலும் சுழலுமாறு அமைக்கின்றனர். திசை பிழைத்தால் புகை மக்களை நோக்கி வரும்.

இனி, தலையாய செய்தி. திரையில் விசிறி எப்பொழுது சுழல வேண்டும்? "சுழல்க" என்று கட்டளை அனுப்பியவுடனேயா? அன்று. என் இல்லத்திலேயே ஒருநாள் நீரேற்றும் மோட்டாரின் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நிம்மதியாக உறங்கச் சென்றேன். காலையில் மாடித் தொட்டியில் ஒரு சொட்டு நீரும் இல்லை. விளக்கு சுவிட்சின் நிலையைச் சொன்னது. மோட்டாரின் நிலையைச் சொல்லவில்லை.

என் வீட்டில் குளிப்பதற்கு மட்டுமே நீரின்றிப் போயிற்று. அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டு அணு மின் நிலையத்தில் 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் இதே பிழை பெருங்கேடாயிற்று. திறந்த வால்வு ஒன்று மூடவில்லை. ஆனால் பலகையிலிருந்த விளக்கு, மூடுமாறு கட்டளை சென்றதை மட்டுமே குறிப்பது. அதனைக் கண்டோர் வால்வு மூடிவிட்டது என்று கருதினர். இரண்டு மணி நேரத்திற்கு மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அணு உலையின் உட்பகுதி ஓரளவு உருகிற்று.

எனவே, கட்டளை வேறு, நிகழ்ச்சி வேறு. விசிறியின் அச்சருகே உணர்கருவி ஒன்றைப் பொருத்தி, அது "சுழல்கிறது" என்று சான்று கூறிய பின்னரே திரையிற் படம் சுழல வேண்டும். கட்டளை சென்று சில வினாடிகளாகியும் சான்று வாராவிடில், படம் அசையாது நின்று, எச்சரிக்கை ஒலிக்க வேண்டும்.

இன்னுமோர் இடர் உண்டு. படத்தைச் சுழற்றுவது கட்டுப்பாட்டு அறையிலுள்ள கணிப்பொறியே. செய்தி கொணரும் கம்பி அறுந்துபோனால், கடைசிச் செய்தியையே நம்பி அது படத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். விசிறி நின்றிருக்கும்; படமோ அழகாகச் சுழலும்! ஆதலால், செய்தி நின்றவுடன் படத்தின் நிறத்தை மாற்றி, "நிலை ஐயத்திற்குரியது" என்று அறிவிக்குமாறு அமைப்பது கடமை. அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொள்வது மனிதர்க்கு மட்டுமன்று, பொறிக்கும் உரிய பண்பு.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய திரைகளை வரைவீர்கள். படம் அழகாக அசைகிறதா என்று பார்ப்பதற்கு முன், அது யாருடைய சான்றின்மேல் அசைகிறது என்று கேளுங்கள். வடம் பிடிப்போரின் ஆரவாரத்தை நம்பித் தேர் நகர்ந்ததாக எழுதிவிடாதீர்கள். சக்கரம் உருண்டதைக் கண்ட பின் எழுதுங்கள்.