கொல்லம் ஆண்டும் கணிப்பொறியும்

நாஞ்சில் நாட்டுப் பழங்குடும்பங்களின் பெட்டகங்களைத் திறந்து பார்த்தால், அவற்றுள் மங்கிப்போன பழைய ஆவணங்கள் பல கிடைக்கும். நிலத்தை விற்ற கிரயச் சீட்டு, தென்னந்தோப்பை ஒற்றி வைத்த சீட்டு, உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம் என அவை பலவகைப்படும். அவற்றுள் ஒன்றில் ‘1112ஆம் ஆண்டு ஐப்பசி மாதம்’ என்று எழுதியிருக்கக் காணலாம். இக்கணக்கை அறியாதவர், அச்சீட்டுச் சோழர் காலத்ததோ என்று மயங்குவர். உண்மையில் அஃது 1936இல் எழுதப்பட்டதாகும். 1112 என்பது கொல்லம் ஆண்டு.

கொல்லம் ஆண்டு, கிறித்துவ ஆண்டு 825இல் தொடங்குவது. திருவிதாங்கூர் அரசின் அலுவலகங்களில் இவ்வாண்டே வழங்கி வந்தது. சுசீந்திரம் கோயிற் கல்வெட்டுக்களிலும் கொல்லம் ஆண்டைக் காணலாம். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அந்நாளுக்கு முற்பட்ட இம்மாவட்டத்து ஆவணங்களைப் படிப்போர்க்குக் கொல்லம் ஆண்டைக் கிறித்துவ ஆண்டாக மாற்றும் விதி இன்றியமையாதது.

அவ்விதி எளிதே, எனினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு ஆவணி முதல் நாளில் பிறக்கிறது. கிறித்துவ ஆண்டோ சனவரி முதல் நாளில் பிறக்கிறது. ஆதலின் ஆவணி முதல் கார்த்திகை முடிய உள்ள மாதங்களில் கொல்லம் ஆண்டோடு 824ஐக் கூட்ட வேண்டும். தை முதல் ஆடி முடிய உள்ள மாதங்களில் 825ஐக் கூட்ட வேண்டும். இடையிலுள்ள மார்கழியின் நடுப்பகுதியில் சனவரி பிறந்துவிடுகிறது. ஆகவே, மார்கழி மாதத்திற்கு நாளும் தெரிந்தாலன்றி ஆண்டைத் துணிய இயலாது.

ஒரு சீட்டாயின் விரல்விட்டு எண்ணியே கணக்கிட்டுவிடலாம். பதினாயிரம் சீட்டுக்கள் இருப்பின் யாது செய்வது? இக்காலத்தில் பழைய பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றி வைக்கின்றனர். கணிப்பொறி களைப்பறியாது, ஆனால் தானாக ஒன்றையும் அறியாது. இன்னது செய்க என்று ஒவ்வொரு படியையும் அதற்குச் சொல்லியாக வேண்டும். அவ்வாறு சொல்வதற்கென நிரல்மொழிகள் உள்ளன. அவற்றைக் கற்றவர் சிலரே. கொல்லம் ஆண்டின் நுட்பத்தை அறிந்த முதியவர்க்கு நிரல்மொழி தெரியாது. நிரல்மொழி வல்லவர்க்கோ ஆவணியும் மார்கழியும் வேறுபடும் முறை தெரியாது. இருவர்க்கும் இடையே விதி சிதைந்து போதல் கூடும்.

சிதைந்தால் வரும் கேடு சிறிதன்று. எல்லா மாதங்களுக்கும் 825ஐக் கூட்டுமாறு ஒருவர் கட்டளையிட்டுவிட்டார் எனக் கொள்ளலாம். ஒரு மூதாட்டி 1112 ஐப்பசியில், அஃதாவது 1936இல், தம் நிலத்தை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு 1937 சனவரியில் இறந்தார் என்றும் கொள்ளலாம். பிழைபட்ட விதி அச்சீட்டின் காலத்தை 1937இன் இறுதிக்குத் தள்ளிவிடும். இறந்தவர் எழுதிக்கொடுத்த சீட்டு என்று மெய்யான ஆவணமே பொய்யாகத் தோன்றும். கையால் எழுதும் எழுத்தர் ஒரு பிழை செய்தால் ஒரு சீட்டே கெடும். கணிப்பொறிக்குத் தந்த விதியில் ஒரு பிழை நேர்ந்தாலோ ஆயிரம் சீட்டுக்கள் ஒருங்கே கெடும்.

இவ்விடரைக் குறைப்பதற்குப் பயன்படுவதே காட்சி வரைபலகை. இது கணிப்பொறித் திரையில் தோன்றும் ஒரு பலகை. அதன் ஓரத்தில் பலவகைக் கட்டங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அட்டவணையைப் படிக்கும் கட்டம், வேண்டியவற்றைப் பிரிக்கும் கட்டம், எண்ணைக் கூட்டும் கட்டம், பிரிந்தவற்றைச் சேர்க்கும் கட்டம், முடிவை எழுதும் கட்டம் என ஒவ்வொன்றும் ஒரு தொழில் செய்யும். வேண்டிய கட்டங்களை எடுத்துப் பலகையில் வைத்துக் கோடுகளால் இணைத்தால் போதும். பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய் வழியே வந்து, மடைதோறும் பிரிந்து, வயல்களிற் பாய்வதைக் குமரி மாவட்டத்தார் அறிவர். அவ்வாறே செய்திகள் கோட்டின் வழியே ஓடிக் கட்டந்தோறும் மாறுதல் பெற்று இறுதியில் ஓரிடத்தை அடைகின்றன. நிரல்மொழியில் ஒரு வரியும் எழுத வேண்டுவதில்லை.

இத்தகைய கருவிகள் பல நாடுகளில் தோன்றியுள்ளன. செருமனி நாட்டுக் கான்சுடன்சு பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவாகத் தொடங்கிய ‘நைம்’ என்பது அவற்றுள் ஒன்று. அதில் ஒவ்வொரு கட்டத்தின் கீழும் சிறு விளக்குகள் உள்ளன. கட்டம் இன்னும் ஒழுங்கு செய்யப்படவில்லையாயின் சிவப்பும், வேலைக்கு அணியமாயின் மஞ்சளும், வேலை முடிந்ததாயின் பச்சையும் தோன்றும். 2010இல் வேறொரு பெயருடன் வெளிவந்து, பின்னர் ‘ஓப்பன் ரிஃபைன்’ எனப் பெயர் பெற்ற கருவி, சீர்கெட்ட அட்டவணைகளைத் திருத்த உதவுவது. செய்த மாற்றங்களை வரிசையாகக் குறித்து வைத்து, வேண்டுமாயின் பின்னோக்கிச் செல்லவும் அது இடந்தரும். அமெரிக்காவில் மாசசூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ என்பதில் சிறுவர்களும் வண்ணத் துண்டுகளைப் பொருத்திக் கணிப்பொறிக்குக் கட்டளை தருகின்றனர்.

கொல்லம் ஆண்டின் விதியை இப்பலகையில் வரையும் முறை வருமாறு: முதற்கட்டம் பழைய பதிவு அட்டவணையைப் படிக்கிறது. அதில் ஆண்டு, மாதம், நாள் என மூன்று பத்திகள் உள்ளன. இரண்டாம் கட்டம் மாதப் பெயர்களை ஒருமைப்படுத்துகிறது. ஓர் எழுத்தர் ‘ஐப்பசி’ என்று எழுதியிருப்பார். மற்றொருவர் மலையாள வழக்கைப் பின்பற்றித் ‘துலாம்’ என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒரே மாதம் என்பதைக் கணிப்பொறி அறியாது. ஆகவே, இன்ன பெயர்க்கு இன்ன பெயர் நேர் என்னும் சிறு பட்டியல் ஒன்றை இக்கட்டத்தில் இட வேண்டும். மூன்றாம் கட்டம் ஒரு மடையைப் போன்றது. அது பதிவுகளை மூன்று கிளைகளாகப் பிரிக்கிறது. ஆவணி முதல் கார்த்திகை வரையுள்ளவை ஒரு கிளையிற் சென்று 824ஐப் பெறுகின்றன. தை முதல் ஆடி வரையுள்ளவை மற்றொரு கிளையிற் சென்று 825ஐப் பெறுகின்றன. மார்கழிப் பதிவுகள் மூன்றாம் கிளையிற் செல்கின்றன. ஒவ்வோர் ஆண்டிலும் மார்கழியின் எந்நாளில் சனவரி பிறந்தது என்பதைக் காட்டும் பஞ்சாங்கப் பட்டியலை அக்கிளையோடு இணைக்க வேண்டும். நாள் குறிக்கப்படாத மார்கழிப் பதிவுகளை அங்கு ஊகித்து நிரப்பலாகாது. அவற்றை ஒதுக்கித் தனியே வைத்து, மனிதர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். இறுதிக் கட்டம் கிளைகளை ஒன்று சேர்த்துக் கிறித்துவ ஆண்டைப் புதிய பத்தியில் எழுதுகிறது. பழைய பத்தியை அழித்தல் ஆகாது. பின்னொரு நாள் ஐயம் எழுந்தால் மூலமே சான்றாகும்.

கட்டங்களின் வரிசையும் கருதத்தக்கது. மாதப் பெயர்களை ஒருமைப்படுத்துவதற்கு முன்பே பதிவுகளைப் பிரித்தால், ‘துலாம்’ என்று எழுதப்பட்டவை எக்கிளையிலும் சேராமல் விடுபடும். இடமும் கருதத்தக்கது. வட மலையாளத்தில் கொல்லம் ஆண்டு கன்னி மாதத்தில், அஃதாவது புரட்டாசியில், பிறப்பதாகக் கொள்வர். அங்கு ஆவணி ஆண்டின் கடைசி மாதம் ஆதலின், அதற்கு 825ஐக் கூட்டுவதே முறை. நாஞ்சில் நாட்டு விதியை அப்படியே அவ்விடத்து ஆவணங்களுக்கும் பொருத்தினால் ஆவணி மாதத்துச் சீட்டுக்கள் யாவும் ஓராண்டு பிழைபடும்.

விதியை வரைந்தபின், விடை தெரிந்த சில நாள்களைக் கொண்டு அதனைச் சோதிக்க வேண்டும். குளச்சற் போர் கொல்லம் 916 ஆடி மாதத்தில் நிகழ்ந்தது. விதி 1741 என்று விடை தர வேண்டும். திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச அறிக்கை 1112 ஐப்பசி 27ஆம் நாள் வெளிவந்தது. விதி 1936 என்று காட்ட வேண்டும். குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள் 1132 ஐப்பசியில் அமைந்தது. விடை 1956 ஆதல் வேண்டும். இவற்றோடு, நாள் குறிக்காத மார்கழிப் பதிவு ஒன்றையும் வேண்டுமென்றே இட்டு, அது தனியே ஒதுக்கப்படுகின்றதா எனப் பார்த்தல் நன்று.

வரைபலகை எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடும் என்று எண்ணலாகாது. கட்டங்கள் நூற்றுக்கணக்கில் பெருகினால் கோடுகள் ஒன்றோடொன்று பின்னிப் படமே விளங்காமற் போகும். ஆதலின் ஒவ்வொரு கட்டத்திற்கும் அதன் தொழில் விளங்கப் பெயரிட வேண்டும். மேலும், இது நிரல் எழுதும் உழைப்பை நீக்குமேயன்றிச் சிந்திக்கும் உழைப்பை நீக்காது. மார்கழியின் நுட்பத்தை அறியாதவர் வரைந்த படம் எத்துணை அழகாயினும் தவறாகவே முடியும். ஆனால், தவற்றைக் கண்டறிவது இதில் எளிது. ஊர்ப் பெரியவரும் வருவாய்த்துறை அலுவலரும் பள்ளி மாணவரும் ஒரு படத்தின்முன் அமர்ந்து, ‘மார்கழிக்கு வழி எங்கே?’ என்று கேட்க முடியும். நிரல்மொழியில் மறைந்து கிடந்த விதி இவ்வாறு பலர் கண்ணுக்கும் புலப்படுகின்றது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கொல்லம் ஆண்டைச் சொல்லியே தம் பிறந்த ஆண்டைக் குறித்த முதியோர் பலர். அவர்தம் கணக்கு அவரோடு மறைந்துபோதல் கூடாது. முதியோரிடம் விதியைக் கேட்டறிந்து, அதனைக் கட்டங்களாக வரைந்து, விடை தெரிந்த நாள்களால் சோதித்து வைக்கும் மாணவர், தம் ஊரின் ஆவணங்களுக்கு உண்மையான காவலர் ஆவர்.